ஈக்கும் புல்லெண்ணெய்க்கும் நடந்த சண்டை

 

இது கொஞ்சம் நீளமான பதிவு. சாப்பிட்டுவிட்டு, வேலைகளை முடித்துவிட்டு நிதானமாகப் படியுங்கள். வகுப்பில் மணி அடித்த பிறகும் பாடத்தை நிறுத்தாத வாத்தியார் என்று என்னைப் பற்றி நீங்கள் சொல்லிக்கொள்வது எனக்குத் தெரியும். பழக்கம் போகவில்லை.

போன வாரம் பழைய மாணவன் ஒருவன் போன் செய்தான். பஸ் ஸ்டாண்டு பக்கம் மெஸ் நடத்துகிறான். மாம்பழ சீசன் தொடங்கியதிலிருந்து கடையில் ஈத் தொல்லை தாங்க முடியவில்லையாம். இலை போட்டவுடன் வாடிக்கையாளருக்கு முன்னால் ஈ வந்து உட்கார்ந்துவிடுகிறதாம். யாரோ ஒருவர் வந்து சிட்ரோனெல்லா எண்ணெயும் எலுமிச்சம்புல் எண்ணெயும் கலந்தது என்று ஒரு கேன் காட்டி, "கெமிக்கல் கிடையாது, முழுக்க இயற்கை, ஒரு தடவை அடித்தால் ஈ இந்தத் தெருவுக்கே வராது" என்று சொல்லியிருக்கிறார். விலை கொஞ்சம் அதிகம். "ஐயா, நம்பி வாங்கலாமா?" என்று கேட்டான்.

அதே வாரம் நம் குடும்பக் குழுவிலும் ஒரு செய்தி சுற்றியது. கற்பூரத்தையும் யூகலிப்டஸ் தைலத்தையும் கலந்து வீடு முழுக்கத் தெளித்தால் ஈ, கொசு எதுவும் அண்டாது, நம் முன்னோர்கள் கண்ட ரகசியம் என்று. அதைப் படித்துவிட்டு என் தங்கை பேத்தி, எட்டு மாதக் குழந்தையின் தொட்டில் கம்பில் கற்பூர வில்லைகளைத் துணியில் முடிந்து கட்டிவிட்டாள். நான் போய்ப் பார்த்தபோது குழந்தை அந்த முடிச்சைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது. இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தால் வாயில் வைத்திருக்கும். அவிழ்த்து எறிந்துவிட்டு வந்தேன். அன்றைக்கு எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஆகவே இரண்டு பேருக்கும் சேர்த்தே பதில் எழுதுகிறேன். நான் வரலாற்று வாத்தியார். வரலாறு வழியாகத்தான் சொல்லத் தெரியும்.

முதலில் ஒரு சின்ன விளக்கம். நல்லெண்ணெய், தேங்காயெண்ணெய், வேப்பெண்ணெய் எல்லாம் விதையையோ பருப்பையோ ஆட்டி எடுப்பவை. ஒரு சொட்டைக் காகிதத்தில் விட்டால் கறை அப்படியே நிற்கும். சிட்ரோனெல்லா, எலுமிச்சம்புல், யூகலிப்டஸ், கிராம்பு எண்ணெய்கள் வேறு ஜாதி. இலையையோ மொட்டையோ நீராவியில் வேகவைத்து, அந்த ஆவியைக் குளிரவைத்து வாலையில் வடித்து எடுப்பவை. சுத்தமானதாக இருந்தால் காகிதத்தில் விட்ட சொட்டு சில மணி நேரத்தில் காற்றோடு போய்விடும், பெரும்பாலும் கறை தங்காது. வாசனை நம் மூக்குக்கு வருகிறது என்றாலே அந்த எண்ணெய் பறந்து வந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். பறந்துபோகும் இந்தக் குணத்தை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மீதிக் கதை முழுவதும் இதைச் சுற்றித்தான்.

இப்போது இலங்கைக்குப் போவோம். தென்கரையில் காலி, மாத்தறை, அம்பாந்தோட்டை என்ற பெயர்களைப் புவியியல் வகுப்பில் வரைபடத்தில் குறித்திருப்பீர்கள். தேயிலை ஏறும் மலைநாட்டை விட்டுக் கடலை நோக்கி இறங்கினால் வரும் இந்தப் பகுதியில், 19ஆம் நூற்றாண்டில் ஒரு வாசனைப் புல் பெரிய வியாபாரமாக வளர்ந்தது. சிங்களத்தில் அதற்குப் பெங்கிரி என்று பெயர். அதிலிருந்து வடித்ததுதான் சிட்ரோனெல்லா எண்ணெய். வறண்ட சரிவுகளில்கூட வளரும். மாடு விரும்பித் தின்னாது. அறுக்க அறுக்கத் தழைக்கும். கிராமத்துக்குக் கிராமம் வாலைகள் இருந்தன. நூறு கிலோ புல்லை வேகவைத்தால் ஒரு கிலோ எண்ணெய்கூடத் தேறாது. அப்படியிருந்தும் பீப்பாய் பீப்பாயாக லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் கப்பல் ஏறியது.

அங்கே அது முக்கியமாகப் போனது சோப்புக்கு. மலிவு சோப்புகளின் வாசனை பெரும்பாலும் இந்தப் புல்தான். அதற்கு அடுத்தபடியாகத்தான் பூச்சியை விரட்டும் வேலை. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தியாவில் இருந்த ராணுவத்தினர் கொசு அண்டாமலிருக்க உடம்பில் தடவிக்கொண்டார்கள். குதிரைக்கும் மாட்டுக்கும் ஈ மொய்க்காமல் தடவும் கலவைகளிலும் இது சேர்ந்தது. அமெரிக்காவில் 1948இல் பூச்சி விரட்டியாக முறைப்படி பதிவானது. ஆக, "இது பொய், வெறும் வாசனை" என்று நான் சொல்லப்போவதில்லை. வேலை செய்கிற பொருள்தான். எவ்வளவு நேரம், எந்த இடத்தில் என்பதுதான் கேள்வி.

இந்த வியாபாரத்தில் ஒரு கூத்து நடந்தது. இன்று கேன் வாங்குகிறவர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டியது அது. விலை நன்றாக இருந்ததால் எண்ணெயில் கலப்படம் புகுந்தது. கலந்தது எதை? மண்ணெண்ணெயை. ஜெர்மனியில் லைப்சிக் நகரத்து ஷிம்மல் என்ற வாசனைப் பொருள் நிறுவனம் இதைப் பிடிக்க எளிய சோதனை ஒன்றைக் கொண்டுவந்தது. 80 சதவீத ஆல்கஹாலில் பத்துப் பங்கு எடுத்து ஒரு பங்கு எண்ணெயை விட வேண்டும். நல்ல எண்ணெய் தெளிவாகக் கரையும். மண்ணெண்ணெய் அதிகம் சேர்ந்திருந்தால் கலங்கிக் காட்டிக்கொடுத்துவிடும். சோதனைக்குப் பெயரே ஷிம்மல் சோதனை.

வியாபாரிகள் சும்மா இருந்தார்களா? சோதனையில் மாட்டாத அளவுக்கு எவ்வளவு மண்ணெண்ணெய் சேர்க்கலாம் என்று கணக்குப் பார்த்து, சரியாக அந்த அளவுக்குச் சேர்க்க ஆரம்பித்தார்கள். திருடனைப் பிடிக்க வைத்த அளவுகோலே திருடுவதற்கு அளவுகோல் ஆனது. பிறகு, வந்த எண்ணெயில் வேண்டுமென்றே இன்னும் ஐந்து சதவீதம் மண்ணெண்ணெயை ஊற்றி, அப்போதும் கரைகிறதா என்று பார்க்கும் கடுமையான சோதனை வந்தது. ஏற்கெனவே கலந்திருந்தால் அதில் நிற்காது.

இலங்கையில் இரண்டு வகைப் புல் இருந்தது. லேனபட்டு என்பது ஒன்று, மகா பெங்கிரி என்பது மற்றொன்று. இரண்டாவதன் எண்ணெய் தரம் கூடியது. காலியில் அதைப் பயிரிட்டு வடித்த வின்டர் என்பவரின் பெயரைத்தான் பிற்பாடு அந்தப் புல்லின் தாவரவியல் பெயரில் சேர்த்தார்கள். அந்த நல்ல புல் ஜாவாவுக்குப் போனது. அங்கே கவனமாகப் பயிர் செய்து, சுத்தமாக வடித்து விற்றார்கள். உலகச் சந்தையில் "ஜாவா எண்ணெய்" என்றால் உயர்ந்தது, "சிலோன் எண்ணெய்" என்றால் இரண்டாம் தரம் என்று ஆகிப்போனது. இலங்கையின் சொந்தப் புல்லே வேற்றூரில் வளர்ந்து அதற்குப் போட்டியாக வந்து நின்றது. அந்த ஜாவா வகை 1959இல் இந்தியாவுக்கும் வந்தது. இன்று அசாம் பக்கம் நிறையப் பயிராகிறது. மூணாறு போய்வருகிறவர்கள் வாங்கிவரும் புல்தைலம் இதற்கு உறவுப் புல்லான எலுமிச்சம்புல்லின் எண்ணெய். அது கொச்சித் துறைமுகம் வழியாக ஏற்றுமதியானதால் கொச்சி எண்ணெய் என்றே வெளிநாட்டில் பெயர் வாங்கியது.

புல்லின் கதை இவ்வளவு. இனி எதிராளியின் கதை.

ஈயை மனிதன் வெகுகாலம் தொல்லையாகத்தான் பார்த்தான், எதிரியாகப் பார்க்கவில்லை. அந்தப் பார்வையை மாற்றியதில் 1898இல் அமெரிக்காவுக்கும் ஸ்பெயினுக்கும் நடந்த போருக்குப் பெரிய பங்கு உண்டு. அமெரிக்க ராணுவம் தன் சொந்த நாட்டில் போட்ட முகாம்களில் 20,000 பேருக்கு மேல் டைபாய்டு கண்டது. சுமார் 1,500 பேர் செத்தார்கள். போர்க்களத்தில் குண்டு பட்டுச் செத்தவர்கள் அதைவிட மிகக் குறைவு. காரணம் தேட வால்டர் ரீட் தலைமையில் ஒரு மருத்துவக் குழு போனது. கழிப்பிடக் குழிகளில் சுண்ணாம்புத் தூள் தூவியிருந்தார்கள். சாப்பாட்டுக் கூடாரத்தில் உணவின் மேல் ஊர்ந்த ஈக்களின் காலில் அதே வெள்ளைச் சுண்ணாம்பு ஒட்டியிருந்தது. ஈ எங்கே உட்கார்ந்துவிட்டு எங்கே வந்தது என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா?

அதன் பிறகுதான் ஈ ஒழிப்பு ஓர் இயக்கமானது. கன்சாஸ் மாநிலத்தில் டாக்டர் சாமுவேல் கிரம்பைன் என்ற சுகாதார அதிகாரி 1905 வாக்கில் "ஈயை அடி" என்று ஊர் ஊராகப் பிரசாரம் செய்தார். எல்.ஓ. ஹோவர்டு என்ற பூச்சியியலாளர் 1911இல் ஈயைப் பற்றித் தனிப் புத்தகமே எழுதினார். வீட்டு ஈ என்று சொல்லாதீர்கள், டைபாய்டு ஈ என்று சொல்லுங்கள் என்பது அவர் கட்சி.

சரி, எதை வைத்து அடிப்பது? புல்லெண்ணெய் தடவினால் ஒன்றிரண்டு மணி நேரத்தில் பறந்துபோகும். மறுபடி தடவ வேண்டும். அடுத்து வந்தது பைரித்ரம். இது வாலையில் வடிக்கும் எண்ணெய் அல்ல. சாமந்தி இனத்துப் பூ ஒன்றிலிருந்து எடுக்கும் சாறு. ஜப்பானியர் இந்தப் பூவைப் பொடித்துத்தான் முதலில் கொசுவர்த்தி செய்தார்கள். அந்தச் சாற்றை மண்ணெண்ணெய் போன்ற எண்ணெயில் கலந்து பம்பில் அடிப்பதும் வந்தது. 1923இல் விற்பனைக்கு வந்த ஃப்ளிட் உலகப் புகழ் பெற்றது. என் வயதுக்காரர்கள் வீட்டில் தகர டப்பா வைத்த கைப்பம்பு ஒன்று பரணில் கிடக்கும். உள்ளே எந்த மருந்து இருந்தாலும் அதற்குப் பெயர் ஃப்ளிட் பம்புதான். ஈ பட்டென்று விழும். ஆனால் பைரித்ரமும் வெயில் பட்டால் சீக்கிரம் வலுவிழந்துவிடும். நாளைக்கு வருகிற ஈக்கு நாளைக்குத்தான் அடிக்க வேண்டும்.

இந்த இடத்தில்தான் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரத்தில் பால் ஹெர்மன் முல்லர் என்ற வேதியியலாளர் வருகிறார். கைகி என்ற சாயக் கம்பெனியில் வேலை. தேவையான பூச்சிமருந்து எப்படி இருக்க வேண்டும் என்று ஒரு பட்டியல் போட்டுக்கொண்டார். பூச்சிக்கு விஷமாக இருக்க வேண்டும், மனிதனையும் ஆடுமாட்டையும் பாதிக்கக் கூடாது, வாடை அடிக்கக் கூடாது, விலை குறைவாக இருக்க வேண்டும், எல்லாவற்றுக்கும் மேலாக அடித்த இடத்தில் நீண்ட நாள் தங்க வேண்டும். இந்தப் பட்டியலைப் புல்லெண்ணெய்க்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வாடை அடிப்பதும் தங்காமல் பறப்பதும்தான் புல்லெண்ணெயின் பிறவிக் குணம். அவர் தேடியது அதற்கு நேர் எதிரான ஒன்று.

நான்கு வருடம் தேடினார். ஒரு கண்ணாடிக் கூண்டில் ஈக்களை விட்டு ஒவ்வொரு பொருளாகச் சோதித்தார். 1939இல் கிடைத்தது. அது புதிய பொருளே அல்ல. ஆத்மார் சைட்லர் என்ற மாணவர் 1874இலேயே செய்து வைத்துவிட்டுப் போனது. பூச்சியைக் கொல்லும் என்று யாருக்கும் தெரியாமல் கிடந்தது. அதுதான் டி.டி.டி. சோதனை முடிந்து கூண்டை நன்றாகக் கழுவிவிட்டுப் புது ஈக்களை விட்டார். மருந்தே வைக்காத கூண்டு. ஆனாலும் சுவரைத் தொட்ட ஈக்கள் விழுந்தன. கூண்டைப் பிரித்துக் கழுவி, சுமார் ஒரு மாதம் காற்றாட வைத்த பிறகுதான் அடுத்த சோதனைக்கு அதைப் பயன்படுத்த முடிந்தது.

வேறு யாராவது என்றால் இது என்ன சனியன் என்று பயந்திருப்பார்கள். அவருக்கு அதுதான் வெற்றி. உலகத்துக்கும் அப்படியே பட்டது. 1943-44 குளிர்காலத்தில் நேப்பிள்ஸ் நகரத்தில் டைபஸ் காய்ச்சல் பரவியபோது, பேன்களைக் கொல்லப் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் உடைக்குள் டி.டி.டி. தூளை அடித்தார்கள். கொள்ளைநோய் அடங்கியது. லட்சக்கணக்கான உயிர்கள் அதனால் பிழைத்தன. அதை மறுக்கக் கூடாது. முல்லருக்கு 1948இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது.

நம் நாட்டில் 1953இல் தேசிய மலேரியா கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கியது. காக்கி உடைக்காரர்கள் முதுகில் பம்பு சுமந்து வந்து எங்கள் ஊரிலும் சுவருக்கெல்லாம் அடித்துவிட்டுப் போனார்கள். கதவுப் பக்கத்தில் தேதி எழுதுவார்கள். நான் அப்போது ஆரம்பப் பள்ளிச் சிறுவன். முதல் தடவை அடித்தபோது அடுப்படியில் ஈயே இல்லை என்று என் அம்மா சொல்லிச் சொல்லி வியந்தது நினைவிருக்கிறது. இரண்டு மூன்று வருடம் கழித்து அதே அம்மா, "இவன் அடிச்சிட்டுப் போறான், ஈ அது மேலயே உட்கார்ந்து கால் தேய்க்குது" என்று சொன்னதும் நினைவிருக்கிறது.

அம்மா பள்ளிக்கூடம் போனவரில்லை. ஆனால் அவர் பார்த்தது உலக அறிவியல் பார்த்ததைத்தான். ஸ்வீடனில் டி.டி.டி.க்குச் சாகாத வீட்டு ஈக்களை 1946இலேயே கண்டுவிட்டார்கள். அடுத்து இத்தாலியிலும் அதே கதை. நோபல் பரிசு கொடுப்பதற்கு இரண்டு வருடம் முன்பே ஈ தன் பதிலைச் சொல்லிவிட்டது.

எப்படி என்று கேட்பீர்கள். ஈ பாடம் படித்துக்கொள்ளவில்லை. ஆயிரம் ஈயில் ஏதோ இரண்டுக்குப் பிறவியிலேயே அந்த மருந்தைத் தாங்கும் உடம்பு இருந்திருக்கும். மற்றதெல்லாம் சாக, அந்த இரண்டு மட்டும் குஞ்சு பொரிக்கும். ஒரு பெண் ஈ ஒரு தடவைக்கு 100, 150 முட்டை இடும். ஆயுளில் பல தடவை இடும். கோடையில் முட்டை, புழு, கூட்டுப்புழு, ஈ என்ற சுற்று பத்து நாளில் முடிந்துவிடும். வருடத்துக்குப் பல தலைமுறை. மருந்து சுவரில் மாதக் கணக்கில் தங்கி ஒவ்வொரு தலைமுறையையும் சலித்துக்கொண்டே இருந்தால், சல்லடையில் தங்குவது தாங்கும் ஈ மட்டும்தானே? எந்தக் குணத்துக்காக டி.டி.டி.யைக் கொண்டாடினோமோ அந்தக் குணமே ஈக்கு உதவியது. மண்ணிலும் மீனிலும் பறவையிலும் அது தங்கிச் சேர்ந்த கதையை ரேச்சல் கார்சன் 1962இல் எழுதியதும், அமெரிக்கா 1972இல் அதை விலக்கியதும், இந்தியா 1989இல் விவசாயத்துக்குத் தடை செய்ததும் உங்களில் பலருக்குத் தெரிந்தவை.

இப்படித்தான் பறந்துபோகும் புல்லெண்ணெய்க்கு மறுபடி மரியாதை வந்தது. எது குறை என்று ஒதுக்கினார்களோ அது இப்போது நிறை. மண்ணில் தங்காது, உணவுச் சங்கிலியில் சேராது. அமெரிக்காவில் 1996இல் ஆபத்து மிகக் குறைந்த பொருள்கள் என்று ஒரு பட்டியல் போட்டு, சில நிபந்தனைகளோடு பதிவு இல்லாமலே விற்கலாம் என்றார்கள். சிட்ரோனெல்லா, எலுமிச்சம்புல், கிராம்பு, புதினா வகைகள், தைம் எல்லாம் அதில் உண்டு. இவை பூச்சியை எப்படித் தாக்குகின்றன என்பதும் ஓரளவு புரிந்தது. பூச்சியின் நரம்பில் ஆக்டோபமைன் என்று ஒரு பொருள் முக்கியமான வேலை பார்க்கிறது. நம் உடம்பில் அதற்கு அவ்வளவு வேலை இல்லை. கிராம்பு எண்ணெயின் யூஜினால் போன்றவை அந்த இடத்தில்தான் கை வைக்கின்றன. செடி தன்னைக் கடிக்க வருகிற பூச்சிக்கு எதிராகச் செய்துவைத்த ஆயுதம் இது. நாம் மணம் என்கிறோம், செடிக்கு அது வேலி.

ஆனால் பறக்கும் பொருள் பறந்துதான் போகும். சோதனைக்கூடத்தில் மூடிய ஜாடிக்குள் ஈயை விட்டு ஒரு சொட்டு எண்ணெய் வைத்தால் ஆவி வெளியே போக வழியில்லை, ஈ மயங்கி விழுகிறது. திறந்த கடையில் அந்த ஆவி தெருவுக்குப் போய்விடும்.

இதை நான் புத்தகத்தில் படிக்கவில்லை. என் தப்பிலிருந்து கற்றேன். 1991 என்று நினைக்கிறேன். நான் வேலை பார்த்த பள்ளியில் சத்துணவு பரிமாறும் தாழ்வாரத்தில் ஈ அப்படி மொய்க்கும். சுற்றுச்சூழல் மன்றம் என் பொறுப்பில் இருந்தது. அறிவியல் ஆசிரியர் ஒருவர் ஹார்லிக்ஸ் பாட்டிலில் ஈ பிடித்துப் போட்டு, எலுமிச்சம்புல் எண்ணெய் ஒரு சொட்டைப் பஞ்சில் நனைத்து உள்ளே விட்டுக் காட்டினார். சில நிமிடத்தில் எல்லா ஈயும் மல்லாந்துவிட்டன. பிள்ளைகள் கைதட்டினார்கள். நான் மயங்கிவிட்டேன். சொந்தக் காசில் எண்ணெய் வாங்கித் தண்ணீரில் கலக்கி, தினமும் மதியம் தாழ்வாரத்தில் தெளிக்கச் சொன்னேன்.

முதல் அரை மணி நேரம் ஈ இல்லை. சோறு முழுக்கப் புல்வாடை. சின்னப் பிள்ளைகள் சிலர் சாப்பிடாமல் தட்டை வைத்துவிட்டார்கள். சாப்பாடு முடிவதற்குள் ஈ திரும்பி வந்தது. நான் எண்ணெயைக் கூட்டினேன். இப்படியே மூன்று வாரம். அந்த மூன்றாவது வாரத்தில் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் இருவர் வாந்தி பேதியாகி ஆஸ்பத்திரியில் படுத்தார்கள். ஈயால்தான் என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. பிழைத்து வந்துவிட்டார்கள். ஆனால் அந்த இரண்டு வீட்டுக்கும் நான் நடந்த நடை எனக்குத்தான் தெரியும்.

அப்போது பத்தாம் வகுப்புப் பையன் ஒருவன் கேட்டான்: "ஐயா, பாட்டிலுக்கு மூடி இருந்துச்சு. நம்ம தாழ்வாரத்துக்கு மூடி எங்க இருக்கு?" எனக்குப் பதில் இல்லை. அவனையே கூட்டிக்கொண்டு ஈ எங்கிருந்து வருகிறது என்று பார்க்கப் போனேன். சமையற்கூடத்துக்குப் பின்னால் நாற்பது அடியில் மீந்த சோறும் காய்கறித் தோலும் கொட்டும் குழி. கிளறினால் வெள்ளை வெள்ளையாகப் புழு. அதற்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டு எருக்குழி. 1898இல் ராணுவ முகாமில் சுண்ணாம்புக் கால் காட்டிய பாதையை எத்தனையோ தடவை வகுப்பில் கதையாகச் சொல்லியிருக்கிறேன். என் காலடியில் இருந்ததைப் பார்க்கவில்லை.

குழியை மூடினோம். மீந்ததை மூடி போட்ட டிரம்மில் சேர்த்து, இரண்டு நாளுக்கு ஒரு தடவை ஊருக்கு வெளியே கொண்டுபோய் மண்ணில் புதைத்தோம். பக்கத்து வீட்டுப் பெரியவர் காலில் விழாத குறையாகக் கெஞ்சி எருவை வயலுக்கு அடிக்கச் செய்தோம். இரண்டு வாரத்தில் ஈ பாதிக்குப் பாதி குறைந்தது. ஒரு சொட்டு மருந்து இல்லை.

அந்தக் கேள்வி கேட்ட பையன்தான் இன்று மெஸ் நடத்துகிறவன். போனில் இதை நினைவுபடுத்தினேன். "நானா ஐயா கேட்டேன்?" என்று சிரித்தான். அவனுக்கு மறந்துவிட்டது.

தம்பிக்கு நான் சொன்னதை எல்லோருக்கும் சொல்கிறேன்.

ஈயின் சுற்று கோடையில் ஏழு முதல் பத்து நாள். அதற்குள் வாரத்துக்கு இரண்டு தடவையாவது குப்பை, எரு, இலைத் தொட்டி எல்லாவற்றையும் அடியோடு காலி செய்தால் புழு ஈயாக மாறவே முடியாது. எச்சில் இலைத் தொட்டிக்கு மூடி போடு. தொட்டியின் அடியில் தேங்கும் சாற்றைக் கழுவு. சமையலறை ஜன்னலுக்கு வலை அடி. சாப்பாட்டை மூடி வை. இதெல்லாம் செய்த பிறகு, மேஜை துடைக்கும் தண்ணீரிலும் தரை துடைக்கும் தண்ணீரிலும் புல்தைலம் சில சொட்டு விடு. மணமாக இருக்கும், கொஞ்ச நேரம் ஈ தள்ளி நிற்கும். அதற்குமேல் அதனிடம் எதிர்பார்க்காதே. ஒரு தடவை அடித்தால் தெருவுக்கே வராது என்று சொல்கிறவரிடம், 1968ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லிச் சட்டப்படி பதிவு எண் கேனில் எங்கே இருக்கிறது என்று கேள். பறந்துபோகிற எண்ணெய் நாள் கணக்கில் கொல்கிறது என்றால், அதில் பறக்காத வேறு ஏதோ கலந்திருக்கிறது. சிலோன் எண்ணெயில் மண்ணெண்ணெய் கலந்த காலம் போய்விட்டது என்று யார் சொன்னது? இன்னொன்று, இந்த எண்ணெய்கள் தீப்பற்றும். அடுப்பு எரியும்போது பக்கத்தில் தெளிக்காதே.

தங்கை பேத்திக்கும் மற்ற இளம் தாய்மார்களுக்கும்: இயற்கை என்றால் ஆபத்தில்லை என்று நினைக்காதீர்கள். கற்பூரம் கொஞ்சம் வயிற்றுக்குள் போனாலும் குழந்தைக்கு வலிப்பு வரலாம். யூகலிப்டஸ் தைலத்தைக் குடித்துவிட்டால் அதுவும் விஷம்தான். கைக்குழந்தையின் முகத்திலோ மூக்குப் பக்கமோ எந்தத் தைலமும் தடவாதீர்கள். தொட்டிலுக்குக் கொசுவலை போதும். தவறி விழுங்கிவிட்டால் கைவைத்தியம் பார்க்காமல் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். வீட்டில் பூனை வளர்க்கிறவர்களும் கவனமாக இருங்கள். இந்த எண்ணெய்கள் பூனைக்கு ஒத்துக்கொள்ளாது.

முன்னோர்கள் நொச்சியும் வேப்பிலையும் புகை போட்டது உண்மைதான். என் அம்மாவும் தொழுவத்தில் போட்டார். ஆனால் விடியற்காலையில் சாணத்தை அள்ளிக் குழிக்குக் கொண்டுபோன பிறகுதான் மற்ற வேலை. புகையை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு சாணம் அள்ளியதை மறந்துவிட்டோம்.

நேற்று மாலை தம்பி மறுபடி போன் செய்தான். கேன் வாங்கவில்லை. மெஸ்ஸுக்குப் பின்னால் சாக்கடை ஓரத்தில் பக்கத்துப் பழக்கடைக்காரர் அழுகின மாம்பழத்தைக் கொட்டிவைத்திருந்தாராம். இரண்டு பேரும் சேர்ந்து அள்ளி, நகராட்சி வண்டியில் ஏற்றிவிட்டார்களாம். "பத்து நாள் கழிச்சுப் பார்த்துட்டுச் சொல்றேன் ஐயா" என்றான். காத்திருக்கிறேன்.

எல்லோரும் நலமாக இருங்கள். வெயில் அதிகம், தண்ணீர் நிறையக் குடியுங்கள்.

அன்புடன்,
உங்கள் பழைய சரித்திர வாத்தியார்